ஒரே தாளத்தில் எல்லோரும்: கலப்பு வகுப்பில் அடவு சொல்லித்தரும் முறை

வீல்சேரில் வரும் பிள்ளையை ஓரமாக வைத்து, "உனக்கு அபிநயம் மட்டும் போதும்" என்று சொல்லிவிடும் பரதநாட்டிய வகுப்புகள் இன்றும் உண்டு. அதற்கு அவசியமே இல்லை. எல்லோரையும் சேர்த்து ஆடவைக்கும் வழி மூன்று காலங்களிலேயே, அதாவது ஒன்றைவிட ஒன்று இரட்டிப்பான மூன்று வேகங்களிலேயே, இருக்கிறது. அடவு என்பது பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவு. 8 எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், காலால் தரையைத் தட்டும் முதல் தட்டடவைப் பாருங்கள்: முதல் காலத்தில் 8 தட்டு, இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. எந்தக் காலத்தில் தட்டினாலும் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) முடிந்ததும் அத்தனை பேரும் சமத்தில் (அடுத்த சுற்றின் முதல் தட்டில்) வந்து சேர்வார்கள். மெதுவாக அசைபவர் முதல் காலத்தில் ஆடட்டும், பக்கத்தில் இருப்பவர் இரண்டாம் காலத்தில் ஆடட்டும். வாயால் சொல்லியும் தட்டியும் தாளத்தை நடத்தும் நட்டுவாங்கம் ஒன்றுதான். வேகமாக ஆடுபவர்களைப் பார்த்துத் தட்டுக்கழி (தாளம் தட்டும் குச்சி) தானாக ஓட ஆரம்பிக்கும். சீராகத் தட்டொலி தரும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50-ல் வைத்தால் அது கட்டுக்குள் இருக்கும்.

அடுத்தது, அடவில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. தட்டடவில் வலமும் இடமும் மாறி மாறி ஒலி விழுகிறது. நாட்டடவில் ஒரு கால் வெளியே நீண்டு, ஊன்றி, திரும்பி வருகிறது. கண் அதன் பின்னால் போகிறது. கால் இதைச் செய்ய முடியாவிட்டால் கை செய்யட்டும், கையும் முடியாவிட்டால் தோளும் பார்வையும் செய்யட்டும். தாளமும் திசையும் தவறக் கூடாது, அதில் மட்டும் கறாராக இருங்கள். மாற்று அசைவை மாணவரோடு சேர்ந்து முடிவு செய்து நோட்டில் எழுதி வையுங்கள். வாரம் ஒரு விதமாகச் சொல்லிக்கொடுத்தால் உடம்பில் எதுவும் பதியாது.

வீல்சேரில் இருந்து தட்டடவு செய்பவரைத் தொடையில் தட்டச் சொல்லாதீர்கள். தண்டுவடப் பாதிப்பு உள்ளவருக்குத் தொடையில் உணர்ச்சி இல்லாமல் இருக்கலாம். கன்றிப்போனாலும் அவருக்குத் தெரியாது. கை வைக்கும் இரு கைப்பிடிகளின் மேலும் ஒரு மரப்பலகையைக் குறுக்கே கட்டி அதில் தட்டட்டும். சதங்கையை மணிக்கட்டில் கட்டலாம். நமஸ்காரத்துக்குக் குனியும்போதுதான் நாற்காலி முன்பக்கம் கவிழும். குனிவதற்கு முன் நாற்காலியை ஓரடி பின்னால் உருட்டச் சொல்லுங்கள். முன்சக்கரங்கள் முன்னோக்கித் திரும்பி நிற்கும், தாங்கும் தளம் நீளும். பிறகு பிரேக். நகரும் அடவில் பிரேக்கை எடுக்க மறந்தால் தோள் இழுத்துக்கொள்ளும், ஆகவே "பிரேக்" என்பதையும் சொல்லுக்கட்டோடு (அடவுக்கு வாயால் சொல்லும் தாளச் சொற்களோடு) சேர்த்தே சொல்லுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை அவர் உடலைத் தூக்கி எடையை மாற்றிக்கொள்ள இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரலாம்.

காது கேளாதவர்களுக்குத் தரைதான் மிருதங்கம். சிமெண்ட் தரை அதிர்வை அவ்வளவாகக் கடத்தாது. நிற்பவர்களின் முட்டிக்கும் கேடு. மர ரீப்பர்கள் மேல் 18 மி.மீ. பிளைவுட் பரப்புங்கள். ஸ்பீக்கரை அதன் மேலேயே கவிழ்த்து வைத்தால் தாளம் பாதத்தில் ஏறும். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்தபடி ஜதி சொல்லாதீர்கள், உதடு தெரிய வேண்டும். தட்டுக்கழியை நன்றாகத் தூக்கித் தட்டுங்கள், விழப்போகும் தட்டு முன்கூட்டியே கண்ணில் படும்.

பார்வையற்றவரிடம் "இப்படி", "அந்தப் பக்கம்" என்பதெல்லாம் வீண்பேச்சு. முத்திரையை விரல் விரலாகச் சொல்லுங்கள்: நான்கு விரலும் சேர்ந்து நீண்டு, கட்டைவிரல் மடங்கினால் பதாகம். அதில் மோதிரவிரலை மட்டும் மடக்கினால் திரிபதாகம், சுண்டுவிரலும் சேர்ந்து மடங்கினால் அர்த்தபதாகம். தொட்டுத் திருத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்; அதைவிட, உங்கள் கையை அவர் தொட்டுப் பார்ப்பது மேல். தரையில் மெல்லிய கயிறு வைத்து மேலே டேப் ஒட்டிய சிலுவைக் குறி அவருடைய நடுவிடத்தைக் காட்டும். சுற்றியதும் திசை குழம்பும், அதனால் சுருதிப்பெட்டி எப்போதும் முன்பக்கம் ஒரே இடத்தில் ஒலிக்கட்டும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கழுத்துப் பகுதி முதுகெலும்பின் மேல் மூட்டு தளர்ந்திருக்கலாம். கழுத்து, தலை அசைவுகளுக்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மண்டியில் (முழங்காலை மடக்கி அமரும் நிலையில்) அழுத்தி உட்காரவைக்காதீர்கள். ஆட்டிசம் உள்ள சிலருக்குச் சதங்கைச் சத்தமே வலிக்கும். முதல் சில வாரம் யாருக்கும் சதங்கை வேண்டாம், வகுப்பின் வரிசையும் மாற வேண்டாம்.

நிகழ்ச்சிக்கு அரங்கம் பேசும்போது மேடை உயரத்தை அளந்துவிடுங்கள். சாய்தளத்துக்கு 1-க்கு 12 கணக்கு: 3 அடி மேடைக்கு 36 அடி நீளம் வேண்டும். அதற்கு இடமில்லாத அரங்கத்தில் அட்வான்ஸ் கொடுக்காமல், பார்வையாளர்களோடு தரைமட்டத்திலேயே ஆடும்படி வேறு இடம் பாருங்கள்.