சாம்பல் டோனர் இல்லாமல் சாம்பல் நிறம் எடுப்பது

தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படத்தை முதன்முதலில் ஜெராக்ஸ் எடுத்தபோது பாதி முகத்தைக் காணோம். கன்னம் வெறும் தாளாக இருந்தது, கண்குழி மைக்கறையாக. டோனர், அதாவது மைப்பொடி, தீர்ந்துவிட்டதென்று கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் குலுக்கியதில் சட்டைதான் பாழ். உண்மையில், எழுத்துக்கான ‘டெக்ஸ்ட்’ மோடிலேயே விட்டுவிட்டு பட்டனை அழுத்தியிருந்தேன்.

மெஷினுக்குள் இருப்பது கறுப்புப் பொடி மட்டும். தாளில் ஓரிடத்தில் அது ஒட்டும், இல்லையேல் ஒட்டாது. ஸ்கேனரோ ஒவ்வொரு புள்ளியையும் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை 256 படிகளில் அளக்கிறது. அத்தனை படிகளையும் ‘உண்டு, இல்லை’ என்று எப்படிச் சுருக்குவது? மோடுக்கு மோடு மாறுவது இதுதான்.

டெக்ஸ்ட் மோடு 128-ஐ ஒட்டி ஒரு கோடு கிழிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருந்தால் கறுப்பு, மேலே இருந்தால் வெள்ளை. எழுத்துக்கு இதைவிடக் கூர்மை வேறில்லை. ஆனால் தாத்தாவின் கன்னம் 140, அதனால்தான் மறைந்தது.

போட்டோ மோடு புள்ளிகளைக் கட்டம் கட்டுகிறது. கட்டத்தில் கறுப்பு கூடக்கூட, தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்குச் சாம்பல் அடர்ந்து தெரியும். கட்டத்தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள்: 4×4 கட்டத்தில் ஒன்றுகூட நிரப்பாதது முதல் பதினாறும் நிரப்பியது வரை 17 சாயல்கள். 8×8 என்றால் 65. சும்மா கிடைப்பதில்லை: அங்குலத்துக்கு 600 புள்ளி போடும் மெஷினில் 8×8 கட்டங்கள் 75தான் அடங்கும். போட்டோ மோடில் எழுத்தின் ஓரம் பிசிறடிப்பது இதனால்தான்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. 1976-இல் கணினி அறிஞர்கள் ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்கும் வெளியிட்டது. 100 அளவுள்ள புள்ளியைக் கறுப்பாக்கினால் 100 பாக்கி நிற்கும். அதைத் தள்ளுபடி செய்யாமல் அக்கம்பக்கத்தார் கணக்கில் ஏற்றுகிறார்கள்: வலப்பக்கத்துக்கு 7/16, கீழ் இடப்பக்கத்துக்கு 3/16, நேர் கீழே 5/16, கீழ் வலப்பக்கத்துக்கு 1/16. பாக்கி ஏறிய பக்கத்துப் புள்ளி வெள்ளையாக வாய்ப்பு கூடும். தூரத்திலிருந்து பார்த்தால் கணக்கு நேராகிவிடும்.

ஆகவே, பட்டனைத் தொடுமுன் பூதக்கண்ணாடி வைத்து மூலத்தைப் பாருங்கள். புள்ளியே தெரியாத நிஜ போட்டோவா? போட்டோ மோடு. எழுத்தும் படமும் கலந்ததா? ‘டெக்ஸ்ட்/போட்டோ’, பகுதி பகுதியாகப் பார்த்து மெஷினே பிரித்துக்கொள்ளும், சிலசமயம் தப்பாகவும் பிரிக்கும். செய்தித்தாள் படமென்றால் உஷார். அதில் ஏற்கெனவே புள்ளிக்கட்டம் உண்டு. அதன்மேல் மெஷினின் கட்டமும் விழுந்தால் பட்டுப்புடவை மடிப்புபோல அலையலையாக வரும். அச்சுப்படத்துக்கென்று தனி மோடு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையேல் மூலத்தைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள்; சாய்வை மாற்றி மாற்றி இரண்டு மூன்று தாள் வீணாகத்தான் செய்யும்.

பின்புலம் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். வெளிர்சாம்பலை அது அழுக்கென்று துடைத்துவிடும். அடர்த்தியையும் ஒரு படி குறையுங்கள். தாளில் டோனர் புள்ளி கொஞ்சம் பருக்கும், நிழல் பகுதிகள் அடைத்துப்போகும். தாத்தாவின் கண்குழிக்கு ஒரு படி போதவில்லை, இரண்டு படி குறைத்த பிறகுதான் இமை தெரிந்தது.