போலித் தொழில்நுட்ப உதவியாளரிடம் ஏமாந்துவிட்டீர்களா? உடனே செய்ய வேண்டியவை, படிப்படியாக

என் பெரியப்பா இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கணினித் திரை முழுக்கச் சிவப்பாக ஓர் எச்சரிக்கை, விடாமல் அலறும் சத்தம், கீழே ஒரு தொலைபேசி எண். அழைத்தார். எதிர்முனையில் பேசியவன் மிகுந்த மரியாதையோடு கணினிக்குள் நுழைந்து, வைரஸ் என்று எதையோ காட்டி, பணத்தையும் வாங்கிக்கொண்டான். வெட்கத்தில் அவர் வாய் திறக்காமல் இருந்த அந்த இரண்டு நாளில்தான் அவருடைய மின்னஞ்சலும் கைவிட்டுப் போனது. பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

எனவே, இப்போதுதான் தொலைபேசியை வைத்துவிட்டு நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். முதலில் இணைப்பு, அடுத்து பணம், பிறகு மின்னஞ்சல், கடைசியில்தான் கணினி. பலரும் வைரஸை நீக்குவதில் ஆரம்பித்து, வங்கியை அழைக்க வேண்டிய நேரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

படி 1: இணைப்பைத் துண்டியுங்கள்

அந்த மோசடிக்காரன் இன்னும் பேசிக்கொண்டிருந்தால், ஒரு வார்த்தையும் சொல்லாமல் வைத்துவிடுங்கள். இணையக் கேபிளைப் பிடுங்குங்கள். வைஃபை என்றால் ரவுட்டரை அணையுங்கள். மவுஸ் அம்பு தானாக நகர்ந்தாலோ, திரை கறுத்துவிட்டாலோ, பவர் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடித்தால் கணினி அணைந்துவிடும். சேமிக்காத கோப்பு போனால் போகட்டும்.

எச்சரிக்கையை மட்டும் பார்த்தீர்கள், அழைக்கவில்லை என்றால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. அது வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து முழுத்திரையிலிருந்து வெளியே வந்து, பிரவுசரை மூடுங்கள். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை.

படி 2: வங்கியை அழையுங்கள்

எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். தேடல் முடிவுகளிலும் போலி எண்கள் கலந்திருக்கின்றன. அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணையே அழையுங்கள். "வெளியாள் ஒருவர் என் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கி மோசடி செய்துவிட்டார்" என்று நேராகச் சொல்லுங்கள். அட்டையை முடக்கச் சொல்லுங்கள், இணைய வங்கிச் சேவையை நிறுத்தச் சொல்லுங்கள், நடந்த பரிமாற்றங்கள் மீது புகார் பதியச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணைச் சொல்லியிருந்தால், கார்டையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். கார்டை வெளியிட்ட நிறுவனத்தை உடனே அழையுங்கள். அவன் இன்னும் செலவழிக்காத தொகை இருந்தால் முடக்க வாய்ப்புண்டு.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லியாக வேண்டும். "உங்களுக்குத் தர வேண்டியதைவிடக் கூடுதலாகப் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள், இல்லாவிட்டால் என் வேலை போய்விடும்" என்று அழுவான். திரையில் பார்த்தால் தொகை உண்மையிலேயே ஏறியிருக்கும். பிரவுசரில் தெரியும் எந்த எண்ணையும், வங்கிக் கணக்கைத் தொடாமலேயே, திரையில் மட்டும் மாற்றிக் காட்ட முடியும். அல்லது உங்களுடைய ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு உங்கள் பணத்தையே மாற்றியிருப்பான். கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்; இருப்பை வங்கியிடமே கேளுங்கள்.

படி 3: வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள்

அந்தக் கணினியில் மாற்றாதீர்கள். மின்னஞ்சலில் தொடங்குங்கள், ஏனென்றால் மற்றெல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றும் வழி அதற்குள்தான் இருக்கிறது. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பிறகு அமைப்புகளுக்குள் போய், மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி ஏதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பெரியப்பாவின் கணக்கில் அப்படி ஒன்று இருந்தது. கடவுச்சொல்லை மட்டும் மாற்றியிருந்தால் கடிதங்கள் தொடர்ந்து போய்க்கொண்டே இருந்திருக்கும்.

பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் எல்லாம் அவன் பார்த்தவை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: இப்போது கணினி

எதையும் நீக்குவதற்கு முன், திரையில் உள்ளவற்றைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், புகாருக்கு வேண்டும். பிறகு நிறுவப்பட்ட செயலிகளைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தி, அன்று நுழைந்தவற்றை நீக்குங்கள். கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல வேலைக்கென உருவான மென்பொருள்கள்தாம். ஆனால் உங்கள் அனுமதி இல்லாமலே மீண்டும் நுழையும்படி அவற்றை அமைத்துவிட்டுப் போக முடியும். அடுத்து, விண்டோஸுடனேயே வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள்.

அவன் நெடுநேரம் உள்ளே இருந்திருந்தால், ஸ்கேனை மட்டும் நம்ப எனக்கு மனம் வராது. படங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே என் தேர்வு.

அவன் காட்டிய 'வைரஸ்' பற்றிய பயம் இன்னும் இருக்கிறதா? கணினியில் நடப்பவற்றைப் பதிவு செய்து காட்டும் ஈவென்ட் வியூவரில் வரிசை வரிசையாகத் தெரிந்த பிழைகள் நல்ல நிலையில் உள்ள எந்தக் கணினியிலும் இருக்கும். 888டிசிஏ60 என்று தொடங்கும் நீண்ட எண்ணைப் படித்துக்காட்டி, அது உங்கள் கணினிக்கே உரிய எண் என்றானா? எல்லா விண்டோஸ் கணினிகளிலும் அது ஒன்றேதான்.

படி 5: புகார் கொடுங்கள்

இணையக் குற்றப் பிரிவில் கொடுங்கள். அழைத்த எண், நேரம், தொகை, பரிமாற்ற எண், எடுத்த படங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும்.

படி 6: இரண்டாவது அழைப்புக்குத் தயாராக இருங்கள்

ஒருமுறை பணம் கொடுத்தவரின் எண் மோசடிக்காரர்களிடையே கைமாறும். சில வாரங்கள் கழித்து, காவல்துறை என்றோ வழக்கறிஞர் என்றோ சொல்லி ஒருவர் அழைப்பார். போன பணத்தை மீட்டுத் தருகிறேன், முதலில் ஒரு கட்டணம் செலுத்துங்கள் என்பார். கட்டணம் கேட்டதுமே வைத்துவிடலாம். நடந்ததை வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லிவையுங்கள். பெரியப்பாவுக்கு அந்த அழைப்பு மூன்றாவது வாரத்தில் வந்தது. "இருங்கள், என் தம்பி மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றாராம். அதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது.