கரன்ட் போய் வந்தாலும் தானாக எழுந்துகொள்ளும் வீட்டு சர்வர்

ராஸ்பெரி பை மாதிரி ஒரு சின்னக் கணினியில் புரோகிராம் ஒன்றை ஓடவிடுவது எளிது. டெர்மினலில் கட்டளையைத் தட்டினால் ஓடிவிடும். ஆனால் கரன்ட் போய் வந்த பிறகு, யாரும் கை வைக்காமல் அது மறுபடி ஓட வேண்டும். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது செடிக்குத் தண்ணீர் விடும் மோட்டார் அதை நம்பித்தான் இருக்கிறது என்றால், இதை முதல் நாளே சரிசெய்து வைத்துவிடுவது நல்லது.

படி 1: முகவரியை நிலைப்படுத்துங்கள்

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரியை (வீட்டு நெட்வொர்க்கில் அந்தக் கருவியைத் தேடிப் பிடிக்க உதவும் எண்) வாடகைக்குத்தான் கொடுக்கிறது, அது மாறலாம். மாறிவிட்டால் கணினியை எங்கே தேடுவதென்று தெரியாது. கணினியிலேயே முகவரியைக் கையால் எழுதி வைக்கவும் வழி உண்டு, ஆனால் ரவுட்டரில் ஒதுக்கி வைப்பதே மேல் என்பேன். நாளைக்கு மெமரி கார்டை மாற்றி எல்லாவற்றையும் புதிதாக நிறுவினாலும் முகவரி அப்படியே இருக்கும், வேறு கருவியோடு மோதாது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1) டிஎச்சிபி பகுதியில் (முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் அமைப்பு) முகவரி ஒதுக்கீட்டைத் தேடுங்கள். அங்கே கணினியின் மேக் முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: வைஃபைக்கு ஒரு மேக், கேபிளுக்கு வேறொரு மேக். வைஃபையின் மேக்கைக் கொடுத்துவிட்டு அப்புறம் கேபிளைச் செருகினால் வேறு முகவரிதான் கிடைக்கும்.

வெளியிலிருந்து உள்ளே நுழைய வேண்டுமென்று ரவுட்டரில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) போர்ட் 22-ஐத் திறந்து வைக்காதீர்கள், தயவுசெய்து. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி முயற்சிகள் உடனே வந்து மொய்க்கும். தேவைப்பட்டால் வயர்கார்ட் என்ற விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) வழியாக வாருங்கள்.

படி 2: புரோகிராமை சிஸ்டம்டியிடம் ஒப்படையுங்கள்

இந்தக் கணினிகளில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில், புரோகிராம்களைத் தொடங்கி மேற்பார்ப்பதற்காகவே சிஸ்டம்டி இருக்கிறது. அதற்கு ஒரு சர்வீஸ் கோப்பு எழுத வேண்டும், பத்து வரிகூடத் தேறாது. எந்தப் புரோகிராமை ஓட்டுவது, எந்தப் பயனராக ஓட்டுவது, எந்தக் கோப்புறையில் நின்று ஓட்டுவது என்ற மூன்றையும் தவறாமல் எழுதுங்கள். பயனர் பெயரை விட்டுவிட்டால் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக ஓடும், அவ்வளவு அதிகாரம் அதற்குத் தேவையில்லை. பாதைகளை முழுசாக எழுதுங்கள், ஏனென்றால் உங்கள் டெர்மினலுக்குத் தெரிந்த குறுக்கு வழிகள் சிஸ்டம்டிக்குத் தெரியாது. கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாகப் போட்டால் ஓடவில்லை என்று வரும் புலம்பல்கள் பலவும் இங்கேதான் முடியும்.

கோப்பைச் சேமித்து, சிஸ்டம்டி அதைப் படித்துக்கொள்ள டீமன்-ரீலோட் செய்த பிறகு ஸ்டார்ட், எனேபிள் என்று இரண்டு கட்டளைகளும் வேண்டும். ஸ்டார்ட் இப்போதைக்கு மட்டும் ஓட்டும், அடுத்த முறை கணினி எழும்போது ஓட வைப்பது எனேபிள்தான். கோப்பின் கடைசியில், கணினி எழும்போது எந்தக் கட்டத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் இன்ஸ்டால் பகுதி இல்லையென்றால் எனேபிள் செய்தும் பயனில்லை.

படி 3: விழுந்தால் மறுபடி எழச் சொல்லுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கரன்ட் வந்ததும் ரவுட்டரும் கணினியும் ஒரே நேரத்தில் எழுகின்றன, ஆனால் பல ரவுட்டர்கள் முழுசாகத் தயாராக இரண்டு மூன்று நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும். அதற்குள் கணினி எழுந்து, உங்கள் புரோகிராம் இணையத்தைத் தேடி, கிடைக்காமல் விழுந்துவிடும். சரி, சர்வீஸ் கோப்பின் ரீஸ்டார்ட் வரியில் ஆல்வேஸ் (Restart=always) என்று போட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. இயல்பாக சிஸ்டம்டி 100 மில்லிவினாடியிலேயே மறுபடி முயலும், ஆனால் 10 வினாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க வேண்டி வந்தால் கைவிட்டுவிடும். ரவுட்டர் எழுவதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது.

தீர்வு அதோடு இன்னும் ஒரே வரிதான்: எத்தனை வினாடி கழித்து மறுபடி முயல வேண்டும் என்று சொல்லும் ரீஸ்டார்ட்செக் (RestartSec) மதிப்பை 30 என்று வையுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே முயல்வதால் அந்த வரம்பைத் தொடவே தொடாது, இணையம் வரும்வரை பொறுமையாக முயன்றுகொண்டே இருக்கும்.

படி 4: நேரம் குறித்த வேலைகள்

தினமும் இரவில் பேக்கப் எடுப்பது போன்ற வேலைகளுக்கு, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் பழைய கருவியான கிரானைவிட சிஸ்டம்டி டைமர் எனக்குப் பிடிக்கும். அதில் பெர்சிஸ்டன்ட் என்ற வரியை இயக்கி வைத்தால், குறித்த நேரத்தில் கணினி அணைந்து கிடந்திருந்தாலும் எழுந்தவுடன் விட்டுப்போன வேலையைச் செய்துவிடும். சாதாரண கிரான் அடுத்த முறைக்காகக் காத்திருக்கும்.

படி 5: சோதித்துப் பாருங்கள்

முதலில் சும்மா ரீபூட் செய்து பாருங்கள். அது சரியாக இருந்தால் கரன்ட் சோதனை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்க வேண்டாம், மெமரி கார்டு கெட்டுப்போகலாம். கணினியை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு, அதையும் ரவுட்டரையும் சுவிட்சில் அணைத்து, இரண்டையும் ஒன்றாகப் போடுங்கள். ஐந்து நிமிடம் எதையும் தொடாதீர்கள்.

பிறகு உள்ளே போய் ஜர்னல்சிடிஎல் கட்டளையால் லாக்கை (சிஸ்டம்டி எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்புகள்) பாருங்கள். தொடக்கத்தில் இணையம் இல்லை என்று சில பிழைகள், அவற்றுக்கிடையே அரை நிமிட இடைவெளி, கடைசியில் புரோகிராம் ஓடத் தொடங்கிய வரி என்று இருந்தால் எல்லாம் சரி. நடுவில் கடிகாரம் திடீரென்று தாவியிருந்தால் பயப்பட வேண்டாம். ராஸ்பெரி பை 4 வரையிலான மாடல்களில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது, இணையம் வந்த பிறகுதான் அவை நேரத்தைச் சரிசெய்துகொள்ளும்.