ரங்கூன் மழைக்கு ஏற்ற லுங்கி அலமாரி

புதிது வாங்கும் முன் இருப்பதையெல்லாம் கட்டிலில் கொட்டுங்கள். போன மழைக்காலம் முழுக்கக் கட்டாததைக் கொடுத்துவிடலாம். தினசரிக்கு 4 பருத்தி லுங்கி, கோயிலுக்கு 1 பட்டு போதும். மே முதல் அக்டோபர் வரை துணி லேசில் காயாது. அதனால் இந்த ஐந்துக்கும் கீழே குறைப்பது வீண் வீம்பு.

"சுத்தப் பருத்தி" என்று கடைக்காரர் சொன்னால், ஓரத்து நூலொன்றை வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து பொடிச்சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். அது இடுப்பில் நழுவும், வியர்வையை உறிஞ்சாது.

துணியின் இரு முனையையும் சேர்த்துத் தைத்து மூட்டத் தரும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். இல்லையேல் பிறகு துணி சுருங்கித் தையல் இழுக்கும். முதல் சலவை தனியாக, சாயம் போகும். அரைஈரத்தில் மடித்தால் கரும்புள்ளி விழும், எளிதில் போகாது.

லுங்கி நைந்தால் மூட்டிய தையலைப் பிரியுங்கள். உட்காருமிடம்தான் தேய்ந்திருக்கும்; மிச்சத்தில் தலையணை உறை தைக்கலாம்.