ஆய்வோடு பள்ளியில் கற்பிக்கவும் போகும் முனைவர் பட்ட மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில திட்டங்களில் முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகை தருவார்கள், பதிலுக்கு வாரத்தில் சில மணி நேரம் ஏதாவது ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லித்தர வேண்டும். இதை அமெரிக்காவில் பெரிய அளவில் செய்து காட்டியது தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஜிகே-12 திட்டம். 1999இல், ரீட்டா கோல்வெல் அறக்கட்டளையின் இயக்குநராக இருந்தபோது தொடங்கியது. பிற்காலத்தில் ஆண்டுக்கு 30,000 டாலர் தந்தார்கள், பள்ளி வேலை வாரத்துக்கு 15 மணி நேரம் வரை.

இதில் முதல் தவறு விண்ணப்பிக்கும் முன்பே நடந்துவிடுகிறது. ஜிகே-12 இப்போது இல்லை, 2011வாக்கில் புதிய நிதி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பழைய அறிவிப்பு எதையாவது பார்த்துவிட்டு அதற்காகத் திட்டம் போடாதீர்கள். இன்னொன்று, அதில் சேர அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டியிருந்தது. அதே அறக்கட்டளை இன்றும் தருகிற பட்டதாரி ஆய்வு உதவித்தொகைக்கும் இதே விதிதான். மாணவர் விசாவில் இருப்பவர்கள் மற்ற எதையும் படிக்கும் முன் தகுதி பற்றிய அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

அடுத்ததுதான் பெரிய தவறு: பள்ளியில் செலவாகும் நேரம் ஆய்விலிருந்து திருடிய நேரம் என்று நினைப்பது. நெறியாளர்களே அப்படி நினைப்பதுண்டு. 2011இல் கல்வி ஆய்வாளர் டேவிட் ஃபெல்டனும் அவருடைய குழுவினரும் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 95 ஆய்வு மாணவர்கள் கல்வியாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஆய்வுத் திட்டத்தையும் முடிவில் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஆய்வு மட்டும் செய்தவர்களைவிட ஆய்வோடு கற்பித்தலும் செய்தவர்கள், சோதித்துப் பார்க்கக்கூடிய கருதுகோளை உருவாக்குவதிலும் சோதனையை வடிவமைப்பதிலும் அதிகமாக முன்னேறியிருந்தார்கள். எல்லாத் திறமையும் வளர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, இந்த இரண்டையும்தான் சொல்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஆய்வில் கடினமான வேலையே இந்த இரண்டும்தானே!

இந்தப் பலன் வகுப்பில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தன் ஆய்வறிக்கையை நாற்பது ஸ்லைடில் அடைத்துக்கொண்டு போய் ஏழாம் வகுப்பில் ஓட்டுபவர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார், பிள்ளைகளும் பத்தாவது நிமிடத்தில் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஓடைச் சூழலியல் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உதிர்ந்த இலைகளை வலைப்பையில் கட்டி ஓடையில் போட்டு, மூன்று நான்கு வாரம் கழித்து எடுத்து, அதில் குடியேறிய பூச்சிப் புழுக்களை எண்ணுவது உங்கள் துறையில் உண்மையாகவே பயன்படும் முறை, பள்ளிப் பிள்ளைகளாலும் செய்ய முடியும். பையை எங்கே போடுவது என்பதை அவர்களிடமே விடுங்கள். ஒரு பிள்ளை பாலத்து நிழலில் போடலாம் என்பாள், இன்னொருவன் வெயில் படும் இடத்தைச் சொல்வான், அப்போது ‘சரி, இரண்டு இடத்திலும் தண்ணீர் ஒரே வேகத்தில் ஓடுகிறதா? இல்லையென்றால் வித்தியாசம் நிழலால் வந்ததா, வேகத்தால் வந்ததா?’ என்று கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்புகிறவர், தன் சொந்தச் சோதனையிலும் அதே ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் இருக்க முடியாது.

நேரக் கணக்கிலும் பலர் சறுக்குகிறார்கள். பள்ளி மணி நீங்கள் ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களுக்காகக் காத்திருக்காது. எந்தெந்த நாள் பள்ளி என்று, திட்டத்தில் சேரும் முன்பே நெறியாளரிடம் பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நீண்ட சோதனைகளை மற்ற நாட்களுக்குத் தள்ளுங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் வசந்த காலத்தில் மாநிலத் தேர்வுகள் வரும், அந்த வாரங்களில் புதிதாக எதையும் தொடங்க முடியாது. நம் ஊரில் பிரதம மந்திரி ஆய்வு உதவித்தொகை பெறுபவர்களுக்கும் பக்கத்து பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ பொறியியல் கல்லூரியிலோ வகுப்பெடுக்கும் கடமை உண்டு என்றால், முதலில் பேசித் தீர்க்க வேண்டியது இதே கணக்கைத்தான்.

அப்புறம் ஆசிரியர். நீங்கள் அவருக்குப் பதில் ஆள் இல்லை, அவரும் உங்கள் உதவியாளர் இல்லை. முதல் இரண்டு வாரம் பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் இன்னும் தடுமாறுகிறது, யாரை ஒரே குழுவில் போடக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நாம் ஒரு மாதம் தயார் செய்த பாடத்தை ‘இது நம் வகுப்புக்கு ஆகாது’ என்று அவர் சொன்னால் வலிக்கும், ஆனால் பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

பின்புலச் சோதனை, கைரேகை போன்றவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகலாம், முன்கூட்டியே தொடங்குங்கள். பிள்ளைகளின் விடைத்தாளையோ படத்தையோ உங்கள் கட்டுரையில் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற்றோர் அனுமதியும் முதலில் வேண்டும். ‘தரவு கையில் இருக்கிறதே’ என்று பிறகு கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக விண்ணப்பம். பட்டதாரி ஆய்வு உதவித்தொகையில் பள்ளிக் கடமை கிடையாது, ஆனால் அறிவுசார் தகுதியோடு சமூகப் பயனையும் பார்த்துத்தான் தேர்வு செய்கிறார்கள். ‘பள்ளிகளுக்குச் சென்று அறிவியல் ஆர்வத்தைத் தூண்டுவேன்’ என்று எழுதினால் படிப்பவர் மனதில் எதுவும் நிற்காது. எந்தப் பள்ளி, எத்தனையாம் வகுப்பு, மாதத்துக்கு எத்தனை தடவை, பிள்ளைகள் கையால் என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள். எழுதும் முன் அந்தப் பள்ளி ஆசிரியரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள், அந்தப் பத்தியில் பாதியை அவர் சொல்வதை வைத்தே எழுதிவிடலாம்.