சியுர்லியோனிஸின் பிரெலூட்: கை தவறும் இடங்கள்

லிதுவேனிய இசையமைப்பாளர் மிக்கலோயஸ் கான்ஸ்டன்டினாஸ் சியுர்லியோனிஸ் (1875–1911) பியானோவுக்கு எழுதிய பிரெலூட்கள் (சிறு தனி இசைத்துண்டுகள்) பல, இரண்டே பக்கங்களில் முடிந்துவிடும். ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். அதனாலேயே பலர் இவற்றைப் பெரிய படைப்புக்கு முன் கையைச் சூடேற்றும் பயிற்சியாக நினைத்து அவசரமாக வாசித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. இத்தனை குறைவான இடத்தில் எழுதியவர் வீணாக ஒரு ஸ்வரத்தையும் வைத்திருக்க மாட்டார் அல்லவா?

பெரும்பாலோர் சறுக்குவது இடது கையில்தான். மேலே ஒரு மெட்டு, கீழே அதற்குத் துணை என்று பிரித்துக்கொண்டு, கீழே உள்ளதை மங்கலாக ஓட்டிவிடுகிறார்கள். சியுர்லியோனிஸின் தந்தை ஆர்கன் வாசித்தவர். மகன் 1901–02இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இசை ஆசிரியர் யாடாசோனிடம் பல குரல்களைப் பின்னி எழுதும் கலையைப் பயின்றார். அவருடைய கீழ்க்குரல் தனக்கென ஒரு பாட்டு உடையது. வலது கையை மடியில் வைத்துவிட்டு, இடது கையை மட்டும் மெதுவாக வாசியுங்கள். கூடவே வாயால் பாடுங்கள். மூச்சு எங்கே எடுக்கத் தோன்றுகிறதோ, அங்கேதான் வாக்கியம் முடிகிறது. ஒரு வாரம் இப்படிச் செய்தபின் வலது கையைச் சேர்த்தால், கட்டைவிரலில் நீண்டு நிற்கும் நடுக்குரலும் காதில் விழத் தொடங்கும்.

அடுத்தது பெடல், அதாவது ஒலியை நீட்டிக்கக் காலால் அழுத்தும் மிதி. கீழ்ஸ்வரம் மாறும் அதே நொடியில் காலைத் தூக்கி அழுத்தினால் பழைய ஒலி புதியதோடு கலந்து சேறாகிவிடும். விரல் கட்டையில் இறங்கும்போது கால் மேலே எழ வேண்டும். புதிய ஸ்வரம் தெளிவாகக் கேட்ட பிறகே கால் கீழே இறங்க வேண்டும்.

சியுர்லியோனிஸ் வார்சாவில் படித்தவர் என்பதால் போலந்து இசையமைப்பாளர் ஷோபானைப் போல வாசிக்கிறோம் என்று சொல்லி, காலத்தை இழுத்தும் குறுக்கியும் இரு கைகளையும் தள்ளாட விடுகிறார்கள். ஆரம்பகாலப் படைப்புகளில் ஷோபானின் சாயல் உண்மைதான். ஆனால் இடது கை காலம் தவறக் கூடாது என்று தம் மாணவர்களிடம் வற்புறுத்தியவரே ஷோபான்தான். மெட்டு சற்றே தயங்கலாம். அடித்தளம் தயங்கக் கூடாது.

சியுர்லியோனிஸ் பெரிய ஓவியரும்கூட. அதனால் எந்தப் பிரெலூடைக் கேட்டாலும் அவருடைய கடல் ஓவியங்களை அதன்மேல் ஒட்டிப் பார்க்கிறார்கள். 'கடல் சொனாட்டா' ஓவியங்கள் 1908இல் வரைந்தவை. 1901இல் எழுதிய பிரெலூடுக்கு அவற்றை விளக்கமாக்குவது காலத்தையே தலைகீழாக்குவது. ஸ்வரத்தாளில் இருப்பதை முதலில் கேளுங்கள்.

தாள் வாங்கும்போது 'டி மைனர் பிரெலூட்' என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே சுருதியில் வேறொன்று கைக்கு வரலாம். வீடவுடாஸ் லான்ட்ஸ்பெர்கிஸ் தொகுத்த சியுர்லியோனிஸ் படைப்புப் பட்டியலின் 'விஎல்' (VL) எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இசை ஆய்வாளரான இவர்தான் 1990இல் லிதுவேனியா விடுதலையை அறிவித்தபோது அதன் தலைமையில் இருந்தவர்.

கடைசி ஸ்வரத்தை அடித்ததும் கையை எடுத்துவிடுவதும் பெரிய தவறு. அதற்கு எழுதியிருக்கும் அளவை மனத்துக்குள் முழுதாக எண்ணுங்கள். ஒலி தேய்வதைக் கேட்டுக்கொண்டே இருந்து, விரலையும் காலையும் ஒன்றாக விடுங்கள்.