கிறிஸ்தவ ஒலிப்புத்தகங்கள்: காசு கொடுக்காமல், களவும் செய்யாமல் கேட்க

‘இலவச கிறிஸ்தவ ஆடியோ புத்தகம்’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் ‘முதல் மாதம் இலவசம்’ என்னும் சந்தாக் கடைகள்தான். கார்டு எண்ணோ யூபிஐ ஆட்டோபே அனுமதியோ கேட்கும் எந்த இடமும் இலவசம் அல்ல. மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டவர்கள் கவனிக்க வேண்டியது: போனிலிருந்து அந்தச் செயலியை நீக்கினால் மட்டும் பணம் பிடிப்பது நிற்காது. யூபிஐ செயலிக்குள் ஆட்டோபே பகுதியைத் திறந்து, அந்த அனுமதியையே ரத்து செய்ய வேண்டும்.

சட்டப்படி முழு இலவசமாகக் கிடைப்பவை ஏராளம். தேடும் இடம் தவறாக இருப்பதால்தான் பலருக்குக் கிடைப்பதில்லை. எனவே புத்தகத்தின் பெயரைத் தட்டுவதற்கு முன் அதன் வயதைப் பாருங்கள். நூறாண்டு பழைய நூல் என்றால் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிந்த தொகுப்பில் இருக்கும். இன்று உயிரோடு இருக்கும் எழுத்தாளருடையது என்றால் நூலக இரவல்தான் வழி, அல்லது உரிமை உள்ள ஊழியமோ பதிப்பகமோ தானாகவே தர வேண்டும். வேதாகமத்துக்குத் தனியாகவே செயலிகள் உண்டு.

பழைய நூல்களுக்கு லிப்ரிவாக்ஸ்

கனடாவின் மொன்றியல் நகரில் ஹியூ மக்குவைர் 2005இல் தொடங்கியது லிப்ரிவாக்ஸ். காப்புரிமை முடிந்த நூல்களை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வாசித்துப் பதிகிறார்கள். அந்தப் பதிவுகளையும் உரிமை கோராமல் பொதுவுக்கே விட்டுவிடுகிறார்கள். கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். சபையில் ஒலிபரப்பலாம், பென்டிரைவில் ஏற்றிப் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம், ஒரு தடையும் இல்லை.

இங்கே உள்ளவற்றில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் மிகக் குறைவு. ஆங்கிலம் கேட்டுப் புரியும் என்றால் இதைவிடப் பெரிய களஞ்சியம் வேறில்லை. அகுஸ்தினாரின் பாவ அறிக்கை, தாமஸ் அ கெம்பிஸ், செஸ்டர்டன், ஆண்ட்ரூ முர்ரே என்று நீளும் வரிசை அது. ஜான் பனியனின் ‘மோட்ச பிரயாணம்’, அதாவது எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடுவதற்கு மூலமாக இருந்த அதே நூல், இங்கே பல பதிவுகளாக இருக்கிறது. புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் பதினைந்து மணி நேர நூலில் இறங்க வேண்டாம். தேவ பிரசன்னத்தில் வாழ்வதைப் பற்றிய சகோதரர் லாரன்ஸின் சிறு நூல் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆங்கில வாசிப்பின் வேகத்துக்குக் காது பழக அது போதும்.

முகப்பில் உள்ள தேடல் பெட்டியை விட்டுவிட்டு ‘அட்வான்ஸ்டு சர்ச்’ பக்கத்துக்குப் போங்கள். ஆசிரியர் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். திட்ட வகை என்ற இடத்தில் ‘சோலோ’வைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு சொடுக்கில்தான் பாதி ஏமாற்றம் தவிர்க்கப்படுகிறது. ‘குரூப்’ என்று குறித்த பதிவுகளில் அதிகாரத்துக்கு அதிகாரம் வாசிப்பவர் மாறுவார். ஒருவர் அமெரிக்க உச்சரிப்பில், அடுத்தவர் வேறொன்றில், ஒலி அளவும் கொஞ்சம் ஏறி இறங்கும். நீண்ட நூலை அப்படிக் கேட்டால் மூன்றாம் அதிகாரத்தில் மனம் விலகிவிடும். ‘சோலோ’ என்றால் கடைசிவரை ஒரே குரல். அதே நூலுக்கு ‘வெர்ஷன் 2’, ‘வெர்ஷன் 3’ என்று வேறு பதிவுகளும் இருந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டாம் அதிகாரத்தை ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். முதல் கோப்பில் அறிமுக வாசகமும் முன்னுரையும் நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் அதை வைத்துக் குரலை எடைபோட முடியாது.

இறக்குவதற்கு முன் இன்னும் இரண்டைப் பாருங்கள். மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்த்தவர் யார் என்று பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பாக இருந்தால் ஜேம்ஸ் அரசர் வேதாகமத்து ஆங்கிலம்தான் வரும், காதால் பின்தொடர்வது கடினம். அடுத்தது, முழுமை. பனியன் முதல் பாகத்தை 1678இலும் இரண்டாம் பாகத்தை 1684இலும் வெளியிட்டார்; கதைநாயகன் கிறிஸ்தியானின் பயணத்தோடு பதிவு முடிந்துவிட்டால் அவன் மனைவி மக்களின் பயணம் விடுபட்டுவிடும். சிறுவருக்காக ஓரசைச் சொற்களில் சுருக்கி எழுதிய பதிப்பும் இதே தலைப்பில் உண்டு. பிள்ளைகளுக்கு அது நல்லது. மூலத்தைக் கேட்க வந்தவருக்கு அல்ல.

சி. எஸ். லூயிஸைத் தேடிப் பலர் இங்கே வருகிறார்கள், அவருடைய புகழ்பெற்ற நூல்கள் கிடைக்காமல் திரும்புகிறார்கள். காரணம் சட்டம். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் காப்புரிமை. லூயிஸ் இறந்தது 1963 என்பதால் இங்கே 2023 முடிவோடு அது தீர்ந்தது. லிப்ரிவாக்ஸ் பின்பற்றுவதோ அமெரிக்கச் சட்டம். அங்கே அந்தக் காலத்து நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் கணக்கு. இன்னொன்று, எழுத்தின் உரிமை முடிந்தாலும் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. ஒரு நிறுவனம் நடிகரை வைத்துப் பதிந்து விற்கும் ஒலியை யாரோ யூடியூபில் ஏற்றியிருந்தால், நூல் எவ்வளவு பழையதானாலும் அது களவுதான். அந்தச் சேனல் பதிப்பகத்தினுடையதா, ஊழியத்தினுடையதா, அனுமதி பற்றி விவரக் குறிப்பில் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டே கேளுங்கள். இப்படி ஏற்றப்பட்டவை திடீரென்று நீக்கப்படும். பாதி கேட்ட புத்தகம் பாதியிலேயே நின்றுவிடும்.

தமிழில் வேதாகமம்

‘விசுவாசம் கேள்வியினால் வரும்’ என்கிறது ரோமர் 10:17. அந்த வசனத்தையே பெயராக வைத்துக்கொண்ட ஃபெயித் கம்ஸ் பை ஹியரிங் என்ற அமெரிக்க ஊழியம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வேதாகமத்தை ஒலியாக்கியிருக்கிறது, தமிழும் உண்டு. அவர்களுடைய செயலி பைபிள்.இஸ். வைஃபை உள்ள இடத்தில் ஒலியை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையம் இல்லாமலே கேட்கலாம். மலைப்பகுதியிலும் நீண்ட ரயில் பயணத்திலும் கேட்க நினைப்பவர்கள் முதலில் இதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

2008இல் வந்த யூவெர்ஷன் செயலியும் முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை. ‘எனக்கு ஒலியே வரவில்லை’ என்பது இதில் அடிக்கடி கேட்கும் குறை. செயலியில் கோளாறு இல்லை. ஒலி உள்ள மொழிபெயர்ப்பைத் திறந்தால்தான் ஒலிபெருக்கிக் குறி தெரியும். குறி இல்லையென்றால் மேலே மொழிபெயர்ப்பின் பெயரைத் தொட்டு, பட்டியலில் அந்தக் குறி உள்ள வேறொரு தமிழ்ப் பதிப்பை எடுங்கள்.

நாடக வடிவமா, ஒற்றைக் குரலா என்பதையும் முதலிலேயே முடிவு செய்வது நல்லது. நாடக வடிவில் பல குரல்கள், பின்னணி இசை, கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் இருக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். காது மந்தமான பெரியவர்களுக்கு அந்த இசையே சொல்லை விழுங்கிவிடும்; அவர்களுக்கு ஒற்றைக் குரல்தான் சரி.

வீட்டில் தமிழ் பேசாதவர்களுக்கோ, எழுத்து வடிவம் அதிகம் பழகாத மொழிகளைப் பேசுபவர்களுக்கோ குளோபல் ரெக்கார்டிங்ஸ் நெட்வொர்க் இருக்கிறது. ஜாய் ரிடர்ஹாஃப் என்ற பெண்மணி 1939இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியது. இன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் பதிவுகள் வைத்திருக்கிறார்கள். ஃபைவ்ஃபிஷ் என்ற செயலியிலோ அவர்களுடைய தளத்திலோ மொழியின் பெயரைத் தேடிப் பாருங்கள். கிடைப்பவை பெரும்பாலும் குறுகிய வேதாகமக் கதைகள். படங்களோடு சேர்த்துக் கேட்கும்படி, தொடருக்கு 24 படங்களாக எட்டுத் தொடர்களும் உண்டு.

புதிய நூல்கள்: நூலக அட்டை

சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருப்பவர்களிடம் நூலக அட்டை இருந்தால் லிப்பி செயலியில் இன்றைய கிறிஸ்தவ நூல்களையும் இரவல் வாங்கலாம். இரவல் நாள் முடிந்ததும் புத்தகம் தானாகத் திரும்பிவிடும், அபராதம் கிடையாது. பிரபல நூல்களுக்கு வரிசை நீளம். அதனால் மூன்று நான்கு நூல்களுக்கு ஒரே சமயத்தில் முன்பதிவு செய்துவிட்டு, காத்திருக்கும்போது ‘இப்போதே கிடைப்பவை’ என்ற வடிகட்டியைப் போட்டு வேறொன்றை எடுங்கள். வட அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் உள்ள ஹூப்லா என்ற இரவல் செயலியில் வரிசை இல்லை, மாதத்துக்கு இத்தனை என்ற வரம்பு மட்டும் உண்டு.

ஆங்கிலத்தில் கத்தோலிக்க வாசிப்பை விரும்புகிறவர்களுக்கு, அருட்தந்தை மைக் ஷ்மிட்ஸ் 2021 ஜனவரியில் தொடங்கிய, ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் முடிக்கும் 365 பகுதிப் பாட்காஸ்ட் எந்தப் பாட்காஸ்ட் செயலியிலும் இலவசம்.

எழுத்தாக உண்டு, ஒலியாகக் கிடைக்கவில்லை என்ற நிலையும் வரும். டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேலின் தொடக்க கால நூல்கள் சில, காப்புரிமை முடிந்த நூல்களை இலவசமாகத் தரும் குட்டன்பர்க் தளத்தில் மின்னூலாக இருக்கின்றன. அவற்றை இறக்கி, போனில் உள்ள ‘உரக்க வாசி’ வசதியால் கேட்கலாம். இயந்திரக் குரல் ஆங்கிலத்தைச் சமாளிக்கும். அதில் வரும் தமிழ்ப் பெயர்களைக் குதறும்.

போனில் சரியாக வைப்பது

லிப்ரிவாக்ஸில் 64 கேபிபிஎஸ், 128 கேபிபிஎஸ் என்று இரண்டு தரம். பேச்சுக்கு 64 போதும். மணிக்கு ஏறக்குறைய 29 எம்பி ஆகும். 128 என்றால் அதன் இரட்டிப்பு. பத்து மணி நேரப் புத்தகம் 64இல் 300 எம்பிக்குள் அடங்கும்.

முழுப் புத்தகமும் ஜிப் கோப்பாக இறங்கும். அதை விரிக்காமல் விட்டால் எந்த பிளேயரிலும் தெரியாது. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஃபைல்ஸ் செயலியிலும் ஐபோனில் ஃபைல்ஸிலும் தொட்டாலே விரியும். புத்தகத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று வையுங்கள். பாட்டுக் கேட்கும் செயலியில் போட்டால் நிறுத்திய இடம் நினைவில் இருக்காது, அதிகாரங்களும் கலைந்து ஓடும். ஆண்ட்ராய்டில் ஸ்மார்ட் ஆடியோபுக் பிளேயர், ஐபோனில் புக்பிளேயர் போன்றவை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஜிப்போடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. லிப்ரிவாக்ஸில் ஒவ்வொரு புத்தகப் பக்கத்திலும் ஆர்எஸ்எஸ் இணைப்பு இருக்கும். அதை நகலெடுத்து ஆன்டெனாபாட் போன்ற பாட்காஸ்ட் செயலியில் ஒட்டினால் புத்தகமே ஒரு பாட்காஸ்டாக வந்து நிற்கும். அதிகாரங்கள் தலைகீழாகத் தெரிந்தால் வரிசையைப் ‘பழையது முதலில்’ என்று மாற்றுங்கள்.

காரில் கேட்கப் பென்டிரைவ் என்றால் 16 அல்லது 32 ஜிபி வாங்குங்கள். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு அமைப்பில் வரும். பழைய கார் பிளேயர்கள் ஃபாட்32 என்ற பழைய அமைப்பை மட்டுமே படிக்கும். கோப்பின் பெயர் 1, 2, 10 என்று இருந்தால் ஒன்றுக்கு அடுத்துப் பத்தாம் அதிகாரம் ஓடும். 01, 02, 10 என்று திருத்திவிட்டு ஏற்றுங்கள். வேதாகமம் என்றால் 001, 002 என்று மூன்று இலக்கம் வேண்டும், சங்கீதம் மட்டுமே 150 அதிகாரம்.